கியர் விழ ஏழு வினாடி

ஓட்டோமெட்டிக் காரில் கியர் ஒயில் பார்ப்பதென்றால் என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். காரை மட்டமான இடத்தில் நிறுத்தி, என்ஜின் நன்றாகச் சூடேறியதும், பிரேக்கில் கால் வைத்தபடி கியர் கம்பியை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய்த் திரும்ப வைத்து, அதற்குப் பிறகுதான் ஒயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை உருவ வேண்டும். பத்தில் எட்டுப் பேர் என்ஜினை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்கள். பிறகு ஒயில் கூடிவிட்டது என்று கராஜுக்கு வந்து என்னைக் குறை சொல்கிறார்கள்.

மத்தியஸ்த சபைத் தலைவர் அவர்களே, நீங்கள் எழுதித் தரச் சொன்னது இதை அல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் இது விளங்காமல் மற்றது விளங்காது. ஆகவே பொறுமையாக வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

என் பெயர் முத்துவீரன். வயது ஐம்பத்து நான்கு. அலுவிகாரையில் பெரிய ரோட்டோரம் கராஜ் வைத்திருக்கிறேன். என் மீது முறைப்பாடு செய்திருப்பவர் ஜெயந்தினி, வயது முப்பத்தொன்று, விஞ்ஞானம் படிப்பிக்கும் டீச்சர். மாத்தளை டவுனில் மிளகும் கராம்பும் மொத்தமாக வாங்கி விற்கும் பொன்னையா முதலாளியின் ஒரே மகள். அவருடைய கல்யாணம் இத்தனை காலம் நடக்காமல் போனதற்கு நான்தான் காரணம் என்பது முறைப்பாடு. அப்படி ஒரேயடியாகச் சொல்வது நியாயமில்லை. காரும் காரணம்.

முதலாளியின் கார் முப்பது வருடத்துக்கு மேற்பட்ட ஜப்பான் கார். வெள்ளை நிறம். பத்தொன்பது வருடமாக அதை நான் மட்டும்தான் தொடுகிறேன். அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது அதைச் செய்தவர்களுக்கு அடுத்தபடியாக எனக்குத்தான் தெரியும். அதன்மீது எனக்குப் பிரியம் உண்டு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஐந்து வருடத்துக்கு முன்னால் அந்தக் காரில் உண்மையாகவே ஒரு பழுது வந்தது. முதலாளி தம்புள்ளையில் ஒரு கடையை வாடகைக்குப் பேசப் புறப்பட்ட காலை. அவர் வீட்டில் எந்த நல்ல காரியத்துக்குக் கார் புறப்பட்டாலும் பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறிப்பார்கள். முன் டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். முதலாளியின் மனைவி தங்கம்மா கற்பூரம் காட்டுவார். குறித்த நிமிடத்தில் முதலாளி கியரைப் போடுவார், பழம் நசுங்கும், கேட்டைத் தாண்டிப் போவார்கள். அன்று கியரைப் போட்டார். கார் அசையவில்லை. என்ஜின் ஓடுகிறது, கம்பி சரியான இடத்தில் இருக்கிறது, பழம் முழுசாக இருக்கிறது. ஏழு வினாடி கழித்து ஒரு குலுக்குக் குலுக்கிக் கியர் விழுந்தது. பழம் நசுங்குவதற்குள் முதலாளி பிரேக்கை மிதித்து, என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கி, கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டார். அந்த வாரமே காற்றில் தம்புள்ளைக் கடையின் கூரை பறந்துவிட்டது.

கார் யோசித்ததால்தான் தப்பினோம் என்று முதலாளி முடிவு செய்துவிட்டார்.

கார் யோசிக்கவில்லை. பழைய கார்களில் கியர்பொக்ஸுக்குள் இருக்கும் ரப்பர் சீல்கள் இறுகிப்போகும். இரவு முழுக்க நின்றால் ஒயில் கீழே வடிந்துவிடும். ஒயில் குறைந்திருந்தால், அல்லது பில்டரில் அழுக்கு அடைத்திருந்தால், காலையில் பம்ப் காற்றைத்தான் உறிஞ்சும். அழுத்தம் ஏறினால்தான் கியர் பிடிக்கும். அதற்கு எடுக்கும் நேரம்தான் அந்த ஏழு வினாடி. நான் அடித்தட்டைக் கழற்றினேன். ஒயில் கறுப்பாகி, அடிப்பிடித்த பால் வாசம் அடித்தது. பில்டரை மாற்றி, புது ஒயில் ஊற்றினேன். அதற்குப் பிறகு கம்பியைத் தொட்டதும் கியர் விழுந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது.

இரண்டு கிழமை கழித்து முதலாளி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். கராஜ் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பாஸ், கார் இப்ப ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது."

"பழுது போயிருச்சு முதலாளி."

"பழுதுதான் போகணும். குணம் ஏன் போகணும்? கொஞ்சம் விட்டு வச்சிருக்கலாமே."

வாடிக்கையாளர் கேட்டதைச் செய்து கொடுப்பதுதான் என் தொழில். எங்கேயாவது புறப்படுவதென்றால் முந்தின நாளே காரை என்னிடம் அனுப்புவது அவர் வழக்கம். அடுத்த முறை வந்தபோது, டிப்ஸ்டிக் குழாய்க்குள் மெல்லிய டியூப் ஒன்றை விட்டு, மாட்டுக்கு மருந்து ஏற்றும் பெரிய சிரிஞ்சால் கொஞ்சம் ஒயிலை உறிஞ்சி ஒரு சின்னச் சோடாப் போத்தலில் விட்டேன். காலையில் கார் மூன்று வினாடி தாமதித்தது. முதலாளியின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பயணம் முடிந்து வந்ததும், ஒயில் மாற்றுவதாகச் சொல்லி அதே ஒயிலைத் திரும்ப ஊற்றினேன். ஒரு சொட்டு வீணாக்கவில்லை.

போகப் போக அளவு பிடிபட்டது. அரைப் போத்தல் எடுத்தால் மூன்று வினாடி. முழுப் போத்தல் எடுத்தால் ஏழு. ஒன்றரைப் போத்தல் என்றால் பதினொன்று, சில நாள் பன்னிரண்டு. முதலாளியும் தன் பக்கம் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணுவார். மூன்றுக்குள் நகர்ந்தால் சம்மதம். ஐந்து என்றால் கார் யோசிக்கிறது, போகலாம், ஆனால் கவனம். ஏழு என்றால் வேண்டாம். இன்னொரு வசதியும் இருந்தது. ஒருமுறை தாமதித்தால் அடுத்த முறை கார் சாதாரணமாக நகரும், ஏனென்றால் ஒயில் மேலே ஏறிவிட்டது. அரை மணித்தியாலம் கழித்து அதே காரில் கடைக்குப் போவார், ஒரு முணுமுணுப்பும் இருக்காது. "பாத்தீங்களா, கடைக்குன்னா போகுது" என்பார். நான் ஆமாம் என்பேன்.

ஆரம்பத்தில் நல்லதற்குத்தான் செய்தேன். அண்ணன் வீட்டுக்குக் காணிச் சண்டைக்குக் கிளம்பினார், ஏழு வினாடி. தங்கம்மாவின் கண் கிளினிக் நாளில் ஒருபோதும் ஒயிலைத் தொட்டதில்லை. பிரதேச சபைத் தேர்தலில் நிற்கிறேன் என்று வேட்புமனு கொடுக்க வேட்டி கட்டிப் புறப்பட்டார், பன்னிரண்டு வினாடி. அதற்காக மாத்தளை மக்கள் எனக்கு நன்றி சொல்ல வேண்டும். நான் எதிர்பார்க்கவில்லை.

பிறகு ஒரு நாள், அதே பெஞ்சில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டே முதலாளி சொன்னார், ஜெயந்தினி பாப்பாவுக்கு இடம் பார்க்கிறோம், இந்தக் காரையும் சீதனத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுவேன் என்று. கல்யாணம் முடிந்தால் காரும் கைமாறிப் போய்விடும் என்று விளங்கியது. சந்தோஷம் முதலாளி என்றேன்.

தலைவர் அவர்களே, நான் கல்யாணத்துக்கு எதிரி அல்ல. பாப்பா சின்னப் பிள்ளையிலிருந்து என்னை மாமா என்றுதான் கூப்பிடுவார். அந்த வீட்டில் டிப்ஸ்டிக் என்றால் என்ன என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். பதின்மூன்று வயதில் கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்றுதான் விரும்பினேன். காருக்கும் நல்ல இடம் அமைய வேண்டும் என்று விரும்பினேன். இரண்டும் ஒரே இடமாக இருக்க வேண்டியிருந்தது. சிக்கல் அவ்வளவுதான்.

முதல் மாப்பிள்ளை கண்டி. வங்கியில் வேலை, மரியாதையான பையன். பெண் பார்க்க வந்துவிட்டுத் திரும்பும்போது நான் கேட்டருகே நின்றேன். தன் கார் பின்னால் உருண்டுகொண்டிருக்கும்போதே கியரை முன்னால் போட்டார். அந்தச் சத்தம் எனக்குப் பல்லில் கூசியது. ஒரு மனிதனைப் பற்றித் தெரிந்துகொள்ள அதைவிட வேறென்ன வேண்டும்? பெண் வீட்டார் பதிலுக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கப் போகிற நாளில் கார் ஏழு வினாடி தாமதித்தது. பழத்தை எடுத்து ஊறுகாய் போட்டார்கள்.

இரண்டாவது மாப்பிள்ளை கஜேந்திரன், எல்கடுவையில் தேயிலைத் தொழிற்சாலை அதிகாரி. தங்கமான பிள்ளை, அவரைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாது. ஆனால் எல்கடுவைக்கு ஏறுகிற ரோட்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தினமும் அந்த வளைவுகளில் ஏறி இறங்கினால் முப்பது வயதுக் கியர்பொக்ஸ் ஆறு மாதம் தாங்காது. முறைப்பாட்டில் நான் நான்கு முறை தடுத்ததாக எழுதியிருக்கிறது. அது பிழை. ஐந்து. எல்கடுவை நாளை அவர்கள் சேர்க்கவில்லை. அன்று கார் உண்மையாகவே பழுது என்று பாப்பா நினைத்திருக்கிறார். பதிவு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக நானே சொல்கிறேன்.

மூன்றாவது மாப்பிள்ளை திருகோணமலை. வீட்டுக்கும் கடலுக்கும் இடையில் இருநூறு யார்கூட இல்லை. உப்புக்காற்றில் காரின் அடிப்பாகம் என்னவாகும் என்று நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பதினொரு வினாடி.

இதற்குள் பாப்பாவுக்கு இருபத்தொன்பது முடிந்துவிட்டது. ஊரில் பேச்சு எழுந்தது. தங்கம்மா அம்மன் கோயிலில் நேர்த்தி வைத்தார். ஜாதகத்தில் தோஷம் என்று ஒருவர் சொன்னார், பரிகாரம் செய்தார்கள். பரிகாரத்துக்குப் போன நாளில் கார் உடனே நகர்ந்தது. அதைக் கண்டு தங்கம்மா அழுதார். நானும் கண் கலங்கினேன், உண்மையாகத்தான்.

நான்காவது நிமலன். நாவுலையில் தமிழ் டீச்சர். இவரைத் தரகர் கொண்டுவரவில்லை, பாப்பாவே பார்த்தார். ஏதோ பயிற்சி வகுப்பில் பழக்கமாம். முதலாளி ஒரு மாதம் முறைத்துவிட்டு, கார் சம்மதித்தால் எனக்கும் சம்மதம் என்றார். மகளின் வாழ்க்கையை அப்படித்தான் என் கையில் கொடுத்தார். என் கையில் என்று அவருக்குத் தெரியாது.

புறப்படுவதற்கு முந்தின நாள் காரைக் கொண்டுவந்தவர் பாப்பா. ஸ்கூல் விட்ட கையோடு வந்திருந்தார், விரலில் சோக்குத்தூள்.

"மாமா, இந்தத் தடவ மட்டும் நல்லாப் பாத்து வைங்க. இது நானே பாத்த இடம்."

"நான் பாத்துக்கிறேன் பாப்பா."

அது பொய்யில்லை. நான் பார்த்துக்கொண்டேன்.

நிமலனிடம் குறை கண்டுபிடிப்பது சிரமமாக இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். நாவுலை சமதரை ஊர், வயல்வெளி. மலை இல்லை, கடல் இல்லை. பையன் பொறுமைசாலி. அதற்கு முன்பே மூன்று நாள் யோசித்திருந்தேன். கடைசியில் ஒன்று கிடைத்தது. நாவுலையில் ஓட்டோமெட்டிக் கியர்பொக்ஸ் தெரிந்த கராஜ் பாஸ் ஒருவரும் எனக்குத் தெரிந்து இல்லை. அது போதுமான காரணம் என்று அப்போது தோன்றியது. முழுப் போத்தல் எடுத்தேன்.

காலையில் முதலாளி எண்ணினார். தங்கம்மா கற்பூரத் தட்டோடு நின்றார். எல்லார் கண்ணும் அந்தப் பழத்தில். ஐந்து, ஆறு, ஏழு. முதலாளி சாவியைத் திருப்பி நிறுத்தினார். நாவுலையில் பத்துப் பேருக்குச் சமைத்து வைத்திருந்தார்களாம். பாப்பா பட்டுச் சேலையோடு பின் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். வெகுநேரம் இறங்கவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. பகல் சாப்பாடு இறங்கவில்லை. பின்னேரம் சாப்பிட்டேன்.

மறு மாதம் இன்னொரு நாள் குறித்தார்கள். அன்றும் அப்படியே ஆயிற்று. நிமலனின் அம்மா சொல்லி அனுப்பினார்: "மூணாவது தடவையும் வரலன்னா பொண்ணு வீட்டுக்கு இஷ்டமில்லன்னு எடுத்துக்கிறோம். எங்களுக்கும் ரோசம் இருக்கு."

நியாயமான பேச்சு. நான் அவரைக் குறை சொல்லவில்லை.

எனக்குத் தெரியாமல் நடந்தது என்னவென்றால், திருகோணமலை நாளிலிருந்தே பாப்பா போனில் நேரம் பிடித்து ஒரு ஸ்கூல் கொப்பியில் எழுதி வந்திருக்கிறார். அந்தக் கொப்பி இப்போது உங்கள் மேசையில் இருக்கிறது. கோயில், ஒரு வினாடி. கண் கிளினிக், ஒரு வினாடி. மரண வீடு, ஒரு வினாடி. மாப்பிள்ளை வீடு, பதினொன்று, ஏழு, ஏழு. விஞ்ஞான டீச்சருக்கு அது போதும். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறார்: தாமதம், கார் மாமாவிடம் போய் வந்த மறுநாள் மட்டும். வாசித்தபோது, நன்றாகப் படிப்பிப்பவர்தான் என்று நினைத்தேன்.

மூன்றாவது பயணத்துக்கும் கார் என்னிடம்தான் வந்தது. பாப்பா முகத்தில் ஒரு வித்தியாசமும் காட்டவில்லை. "மாமா, பாத்து வைங்க" என்று முன்போலவே சொன்னார். இந்த முறை ஒன்றரைப் போத்தல் எடுத்தேன். இந்த முறை தவறிவிடக்கூடாது என்று.

காலை ஒன்பது பன்னிரண்டுக்கு நேரம். நான் கேட்டருகே என் இடத்தில் நின்றேன். தங்கம்மா ஏற்றிய கற்பூரம் இரண்டு தரம் அணைந்தது. முதலாளியின் நெற்றியில் விபூதி வேர்வையில் கரைந்திருந்தது. அவருக்கும் இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்றுதான் ஆசை, அதை அன்றைக்குத்தான் கண்டேன். பாவம், தன் வாயால் சம்மதம் சொல்லத் தைரியம் இல்லை, கார் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார். கியரைப் போட்டார். ஒன்று என்று எண்ண வாய் திறந்தார்.

பழம் நசுங்கிச் சாறு என் காற்சட்டையில் தெறித்தது.

பத்தொன்பது வருடத்தில் அந்தக் கியர் அவ்வளவு மென்மையாக விழுந்து நான் பார்த்ததில்லை. கார் கேட்டைத் தாண்டும்போது பின் சீட்டில் பாப்பாவின் பக்கத்துக் கண்ணாடி இறங்கியது.

"நீங்க சொல்லித் தந்த மாதிரியே, என்ஜின ஓட விட்டுத்தான் பாத்தேன் மாமா. ஒன்றரைப் போத்தல் குறைஞ்சிருந்திச்சு."

டவுனில் உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் அம்ஹரிடம் முதல் நாளே ஒயில் வாங்கி, அப்பா குளிக்கும் நேரத்தில் ஊற்றியிருக்கிறார். ஒயில் சரியான ரகம்தான். அம்ஹரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அந்தக் கவலை எனக்கு இரண்டு நாள் இருந்தது.

கல்யாணம் தை மாதம் என்று முடிவாகிவிட்டது. எனக்கு அழைப்பு இல்லை.

இவ்வளவும் உண்மை. போன அமர்வில் இதில் பாதியை நான் வாயால் ஒத்துக்கொண்டேன், மீதியை இப்போது எழுத்தில் ஒத்துக்கொள்கிறேன். ஏன் செய்தாய் என்று நீங்கள் கேட்டபோது, காருக்காக, அது கைமாறிப் போகக்கூடாது என்பதற்காக என்றேன். அப்போதுதான் முதலாளி எழுந்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாவியை எடுத்து என் முன்னால் மேசையில் வைத்தார்.

"கார நீங்களே எடுத்துக்குங்க பாஸ். பாப்பா வேணாங்கிறா. மாப்பிள்ளைக்குக் கார் ஓட்டவே தெரியாதாம், அவங்க பஸ்ஸிலயே போய் வந்துக்கிறாங்களாம். ஆனா ஒண்ணு. இனிமே எங்க வீட்டு கேட்டுப் பக்கம் வராதீங்க."

நல்ல இணக்கம் என்று சபையில் இருந்த நீங்கள் மூவரும் தலையசைத்தீர்கள். கார் எனக்கு. பத்தொன்பது வருடம் நான் ஆசைப்பட்ட கார், ஒரு ரூபாய் கொடுக்காமல். நான் சாவியைத் தொட்டேன். பிறகு அதை முதலாளி பக்கம் தள்ளி வைத்துவிட்டேன்.

ஜெயந்தினி பாப்பா என்னைப் பார்த்துக் கேட்டார். "காருக்காகத்தான் செஞ்சீங்கன்னா, சாவிய ஏன் மாமா தள்ளுறீங்க?"

அதற்கான பதிலை எழுதித் தரும்படி சொன்னீர்கள். ஒரு கிழமை யோசித்துவிட்டேன். என் பதில் முன்பு சொன்னதுதான். நான் செய்தது முழுக்கக் காருக்காகத்தான், வேறு எந்த எண்ணமும் எனக்கு இருந்ததில்லை. சாவியைத் தள்ளியதற்கும் காரணம் அதுதான். அந்த வீட்டு வாசலில் என்றால் முதலாளி எண்ணுவார், தங்கம்மா தட்டோடு நிற்பார், பாப்பா மூச்சுப் பிடித்து உட்கார்ந்திருப்பார், நான் கேட்டருகே நிற்பேன், கார் காராக இருக்கும். என் கராஜ் வாசலில் அதைக் கொண்டுவந்து நிறுத்தி நான் என்ன செய்ய? அதில் ஏறி எங்கேயாவது போக அங்கே ஒருவரும் இல்லை. நான் தடுத்து நிறுத்தவும் ஒருவரும் இல்லை.